பெயின்ட் அடிக்கும் முன் பாருங்கள்

இம்முறை விமானம் கட்டுகிறவர்களிடம் நான் படித்த ஒரு பாடத்தைச் சொல்லப்போகிறேன். "கடைக்காரனுக்கு விமானம் எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நட்டப்பட்டுப் படித்த பாடம் இது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் பைபர் போட்களுக்குப் பெரும் கிராக்கி. களுவாஞ்சிக்குடியில் ஒரு கொட்டிலை வாடகைக்கு எடுத்து நானும் போட் கட்டத் தொடங்கினேன். ஓடர் கூடியது, அவசரமும் கூடியது. ஒருநாள் பாஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு போட்டின் உட்புறத்தைக் காட்டினார். அங்குமிங்கும் வெள்ளைத் திட்டுகள்.

"காக்கா, உள்ளுக்குக் காத்து அடைபட்டிருக்கு. வெட்டி எடுத்துட்டுத் திரும்ப ஒட்டணும்" என்றார்.

மறுநாள் போட்டை ஒப்படைக்க வேண்டும். "பெயின்ட் அடிச்சி விடுங்க பாஸ், ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

அடுத்த மாரியில் அந்தப் போட்டின் அடிப்பக்கம் தட்டுத் தட்டாகக் கழன்றது. தகப்பனும் மகனும் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டே கரை சேர்ந்தார்கள். தகப்பன் என்னிடம் வந்து சத்தம் போடவில்லை. "காக்கா, இதப் பாக்காமயா தந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. புதிய போட் கட்டிக் கொடுத்தேன். கைமுதல் போனது; அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகுதான், இதே பைபரைக் கொண்டு வீட்டுக் கராஜில் விமானம் கட்டுகிறவர்களைப் பற்றி வாசித்தேன். வீட்டில் விமானமா என்று சிரிக்க வேண்டாம். மும்பையில் விமானி அமோல் யாதவ் தமது வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி, 2016இல் கண்காட்சிக்கு வைத்தார். அது உலோக விமானம். பைபரில் வழிகாட்டியவர் அமெரிக்கப் பொறியியலாளர் பர்ட் ருட்டான். அவரது வேரி-ஈஸி விமானம் 1975இலும், லோங்-ஈஸி 1979இலும் முதன்முதலாகப் பறந்தன. அவர் விற்றது விமானத்தை அல்ல, வரைபடத்தை. வாங்கியவர்கள் நுரைக் கட்டியைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் வெட்டி, அதன்மேல் கண்ணாடி நார்த் துணியை விரித்து, எபொக்சி ரெசினால் ஒட்டினார்கள். போட்டுக்குத் தேவைப்படும் பெரிய அச்சு இதற்குத் தேவையில்லை.

அவர்களிடம் நான் கண்ட நான்கு பழக்கங்கள் இவை.

1. சிறிதில் பழகுதல்: இறக்கையில் கை வைக்கும் முன் சிறு துண்டு ஒன்றை ஒட்டி, அதை நிறுத்துப் பார்ப்பார்கள். பாரம் கூடினால் ரெசின் கூடிவிட்டது என்று அர்த்தம். கூடுதல் ரெசின் பாரத்தைத்தான் கூட்டும், பலத்தைக் கூட்டாது. புதுச் சரக்கை லொறிக் கணக்கில் இறக்கும் முன் ஒரு பெட்டி விற்றுப் பாருங்கள்.

2. அளந்து கலத்தல்: ரெசினையும் ஹார்ட்னரையும் கண்மதிப்பில் கலக்க மாட்டார்கள்; தராசு வைத்துக் கலப்பார்கள். அளவு பிசகினால் ரெசின் சரியாக இறுகாது. கடனுக்குக் கொடுப்பதையும் கண்மதிப்பில் கொடுக்காதீர்கள்; கொப்பியில் எழுதிக் கொடுங்கள்.

3. மறைக்கும் முன் பார்த்தல்: ரெசின் நன்றாக ஊறிய கண்ணாடித் துணியில் வெளிச்சம் ஊடுருவும். காற்று அடைபட்ட இடம் வெள்ளையாகக் காட்டிக் கொடுத்துவிடும். பெயின்ட் அடித்தபின் எதுவும் தெரியாது. ஆகவே முதலில் வெளிச்சம் பிடித்துப் பார்த்து, பிழையான இடத்தை வெட்டித் திருத்துவார்கள். ஏன் இவ்வளவு கவனம்? அந்த விமானத்தில் ஏறப்போவது கட்டியவரும் அவர் பிள்ளைகளும்தான்!

4. விற்றபின்னும் பொறுப்பு: வரைபடத்தில் திருத்தம் வேண்டுமென்று தெரிந்தால், ருட்டானின் நிறுவனம் அதைச் செய்திமடலில் அச்சிட்டு வாங்கியவர்களுக்கு அறிவித்தது. 1985இல் வரைபட விற்பனையை நிறுத்திய பிறகும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஆலோசனை சொல்வதை விடவில்லை.

மூன்றாவதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பாஸ் எனக்குக் காட்டிய அதே வெள்ளைத் திட்டு! என் போட்டில் என் மகன் போவதாக இருந்திருந்தால் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருப்பேனா?

அன்றிலிருந்து கொட்டிலில் ஒரே சட்டம். வாங்குகிறவர் டோர்ச் அடித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் உள்ளே பெயின்ட். இதனால் ஒவ்வொரு போட்டுக்கும் சில நாள் பிந்துகிறது. அவசரப்பட்ட சிலர் வேறிடம் போனார்கள். ஆனால் கழன்றது என்று எந்தப் போட்டும் திரும்பி வரவில்லை.

உங்கள் கடையையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மூட்டையின் அடியில், துணியின் உள்மடிப்பில், பில்லின் கடைசி வரியில் நீங்கள் "பெயின்ட்" அடித்து வைத்திருப்பது என்ன? வாடிக்கையாளர் காணும் முன் நீங்களே வெட்டித் திருத்திவிட்டால் செலவு குறைவு.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்த மகன் தனக்கென்று ஒரு போட் கேட்டு வந்தார். நான் டோர்ச்சை எடுக்கப் போனேன். "வேணாம் காக்கா, நானே கொண்டு வந்திருக்கேன்" என்று சிரித்தார்.