மதனப்பள்ளியும் அயர்லாந்தும்

நுழையும்முன்

இன்று மாணவர்கள் பரிமாற்றப் பயணமாக அயல்நாட்டுப் பள்ளிகளுக்குச் சென்று வருகின்றனர். நூறாண்டுகளுக்கு முன்பே அயர்லாந்துக்கும் நம் நாட்டுக்கும் இடையே அத்தகைய உறவு மலர்ந்திருந்தது. அதில் சித்தூர் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. அதனை அறிவோமா?

அயர்லாந்து மக்களின் தொன்மையான மொழி ஐரிஷ். 1845ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் அம்மொழி பேசிய எளிய மக்கள் பலர் மாண்டனர். பலர் கடல் கடந்து சென்றனர். பள்ளிகளிலும் ஆங்கிலமே கோலோச்சியது. அதனால் முன்னோர் மொழியை அறியாத பிள்ளைகள் பெருகினர். இந்நிலையை மாற்ற விரும்பிய பேட்ரிக் பியர்ஸ் என்னும் ஆசிரியர், 1908ஆம் ஆண்டு டப்ளின் நகரில் புனித எண்டா பள்ளியைத் தொடங்கினார். அங்கு ஐரிஷ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் பாடம் நடந்தது.

அப்பள்ளி பணமின்றித் தவித்தது. 1913ஆம் ஆண்டு மே மாதம், அதன் உதவிக்காக டப்ளினின் அபே அரங்கில் நாடகங்கள் நடத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று இரவீந்திரநாத் தாகூரின் ‘அஞ்சலகம்’. நோயுற்று வீட்டிலேயே அடைபட்ட சிறுவன் ஒருவன், அரசரின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் கதை அது. வங்கத்தில் பிறந்த கதை, தாய்மொழியைக் காக்க முயன்ற ஓர் அயர்லாந்துப் பள்ளிக்குக் கைகொடுத்தது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1915ஆம் ஆண்டு, அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்று, ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் என்னும் அயர்லாந்துத் தம்பதியர் இந்தியா வந்தனர். ஜேம்ஸ் கவிஞர், மார்கரெட் டப்ளினில் இசை பயின்று பட்டம் பெற்றவர். பின்னர் ஜேம்ஸ், அக்காலத்தில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியின் பிரம்மஞான சபைக் கல்லூரியில் பணியாற்றினார்.

1919ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தாகூர் அக்கல்லூரிக்கு விருந்தினராக வந்தார். ஒரு மாலை, மாணவர்கள் கூடிப் பாடும் நிகழ்ச்சியில் தாம் இயற்றிய ‘ஜன கண மன’ பாடலைப் பாடிக் காட்டினார். கேட்டவர்கள் மகிழ்ந்து உடன் பாடினர். அங்குத் தங்கியிருந்த நாள்களிலேயே அதனை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் மெட்டை மார்கரெட் இசைக்குறிப்பாக எழுதிவைத்தார். 1950ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் அப்பாடல் நம் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள்! பாடல் வங்காள மொழியில் பிறந்தது. தெலுங்கு பேசும் ஊரில் ஆங்கில உருவம் பெற்றது. மெட்டைக் குறித்தவரோ அயர்லாந்துப் பெண்மணி. பிற மொழியாரோடு பழகியதனால் வங்காளம் எதனையும் இழக்கவில்லை. தன் பிள்ளைகள் பேசாதபோதுதான் ஒரு மொழி தேய்கிறது. ஐரிஷ் மொழிக்கு நேர்ந்ததும் அதுவே.

மாணவர்களே! உங்களுள் பலர் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகின்றீர்கள். அனைத்தையும் விரும்பிக் கற்றிடுங்கள். ஆனால், பாட்டியிடம் பேசும் தமிழை எழுதவும் படிக்கவும் பழகுங்கள். அதனை அடுத்த தலைமுறைக்குத் தரவேண்டியவர் நீங்களே.

சொல்பொருள்

தொன்மை – பழமை
மாண்டனர் – இறந்தனர்
கோலோச்சியது – ஆட்சி செய்தது
பெயர்த்தார் – மொழிமாற்றம் செய்தார்
நாட்டுப்பண் – தேசிய கீதம்

வினாக்களுக்கு விடை எழுதுக.

1. புனித எண்டா பள்ளி எதற்காகத் தொடங்கப்பட்டது?
2. மதனப்பள்ளியில் மார்கரெட் கசின்ஸ் ஆற்றிய பணி யாது?
3. ஒரு மொழி எப்போது தேய்கிறது? உம் கருத்தை எழுதுக.

செயல்பாடு

உம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, நீர் அறியாத ஐந்து தமிழ்ச் சொற்களைப் பொருளுடன் எழுதுக. அவற்றுக்கு இணையான தெலுங்குச் சொற்களை உம் நண்பரிடம் கேட்டறிக.