மூன்று வார முதலமைச்சர்

அன்பு மாப்பிள்ளை இளங்கோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லை காந்தி கஃபார் கானைப் பற்றிப் படிக்கப் போய், அவருடைய அண்ணன் டாக்டர் கான் சாகிப்பிடம் மாட்டிக்கொண்டாய் போலிருக்கிறது. சட்டசபையில் பெரும்பான்மை கையில் இருக்கும்போதே ஒரு முதலமைச்சரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியுமா, அப்படி ஒரு கூத்து நம் பக்கம் நடந்ததுண்டா என்று கேட்டிருக்கிறாய். உண்டு, ஆனால் தலைகீழாக. பெரும்பான்மை இல்லாத ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று வாரத்தில் இறங்கிய கதை நம் காரைக்காலுடையது. உன் வகுப்பில் யாரிடமாவது கேட்டுப் பார்: அ.தி.மு.க.வின் முதல் முதலமைச்சர் யார்? பத்துக்குப் பத்து பேரும் எம்.ஜி.ஆர். என்பார்கள். இல்லை. காரைக்கால்காரர் எஸ். ராமசாமி. எம்.ஜி.ஆர். கோட்டைக்குள் நுழைவதற்கு மூன்று வருஷம் முன்பே அவர் கட்சியின் ஆள் ஒருவர் புதுச்சேரியில் முதலமைச்சராகப் பதவியேற்றுவிட்டார்.

முதலில் உன் கான் சாகிப்பை முடித்துவிடுகிறேன். லண்டனில் படித்த மருத்துவர், முதல் உலகப் போரில் பிரான்சில் ராணுவ மருத்துவராக வேலை பார்த்தவர். 1937இலும், பிறகு 1945 முதலும் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் முதலமைச்சர். 1946 தேர்தலில் ஐம்பது இடங்களில் முப்பதைக் காங்கிரஸ் பிடித்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் 1947 ஜூலையில் இந்தியாவா பாகிஸ்தானா என்று அங்கே மக்கள் வாக்கெடுப்பு நடந்தபோது அவர் கட்சி அதைப் புறக்கணித்தது. பாகிஸ்தான் பிறந்து எட்டே நாளில், ஆகஸ்ட் 22 அன்று, ஜின்னாவின் உத்தரவில் ஆளுநர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். சபையில் தலை எண்ண வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள். நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே, அரசலாறு கடலில் விழும் இடத்தில், சுமார் 160 சதுர கிலோமீட்டர். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த துண்டு. 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு நடைமுறையில் சேர்ந்தது, சட்டப்படி சேர 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. தலைநகரம் புதுச்சேரி. அங்கே போக சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டு மண்ணைத் தாண்டி நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் குலுங்க வேண்டும். சொந்தத் தலைநகருக்குப் போக அடுத்த மாநிலத்தைக் கடக்க வேண்டிய ஊரில் பிறந்தவன் அரசியலுக்கு வந்தால், அவன் கணக்குகள் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் சிக்கலாகத்தான் இருக்கும்.

1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம் நமக்கு முப்பது உறுப்பினர் சபையைக் கொடுத்தது. அதில் காரைக்காலுக்கு அன்று ஆறு தொகுதிகள். 2008 மறுசீரமைப்பில் அது ஐந்தானது. இதைத் தவிர மத்திய அரசு மூன்று பேரை நியமிக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. இந்த மூன்றை மறந்துவிடாதே, பின்னால் வேலைக்கு வரும்.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கினார். 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் ஜெயித்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு அடுத்த பெரிய பரீட்சை 1974 பிப்ரவரி. கோயம்புத்தூரில் இடைத்தேர்தல், புதுச்சேரியில் பொதுத்தேர்தல். புதுச்சேரியில் அதுவரை ஃபாரூக் மரைக்காயர் தலைமையில் தி.மு.க. கூட்டணி ஆட்சி. 29 வயதிலேயே முதலமைச்சரானவர் அவர். அந்த ஆட்சி 1974 ஜனவரியில் கவிழ்ந்து தேர்தல் வந்தது. அ.தி.மு.க.வும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியும் ஒரு பக்கம். இந்திரா காங்கிரசும் காமராஜரின் பழைய காங்கிரசும் இன்னொரு பக்கம். ஐந்து வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த இந்திராவும் காமராஜரும் கை கோக்க ஒத்திகை பார்த்த மேடை நம் சின்னப் பிரதேசம்தான். பெரிய இடத்துக்காரர்கள் இப்படிப்பட்ட பரிசோதனைகளுக்குச் சின்ன இடத்தைத்தான் தேடுவார்கள்; தோற்றால் நஷ்டம் குறைவு பார்.

முடிவு என்ன தெரியுமா? அ.தி.மு.க. 12, கம்யூனிஸ்ட் 2. இரண்டு காங்கிரசும் சேர்ந்து 12. தி.மு.க.வுக்கு வெறும் 2. முப்பதில் பாதியைத் தாண்ட பதினாறு வேண்டும், கூட்டணியிடம் பதினான்குதான் இருந்தது. ஆனாலும் பெரிய அணி அதுதான் என்பதால், காரைக்கால் தெற்கில் ஜெயித்த ராமசாமி மார்ச் 6 அன்று முதலமைச்சராகப் பதவியேற்றார். எதிரணிகள் ஒன்றையொன்று வெறுத்துக்கொண்டிருக்கும் வரை இப்படிப்பட்ட ஆட்சி ஓடும். பட்ஜெட் மாதத்தில் அவர்கள் ஒன்று சேர்ந்தால் நின்றுவிடும். சேர்ந்தார்கள். மார்ச் 28இல் ஆட்சி போய்விட்டது.

இதை நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சிரிப்பாகச் சொல்வார்கள், மாலை வாடுவதற்குள் பதவி வாடிவிட்டது என்று. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. பதினான்கு பேரை வைத்துக்கொண்டு பட்ஜெட்டைச் சபைக்குக் கொண்டுபோன முதலமைச்சர் அங்கேயே தோற்றார். கான் சாகிப்புக்குக் கிடைக்காத ஒன்று ராமசாமிக்குக் கிடைத்தது: தன் தலையைச் சபை எண்ணிப் பார்த்தது. அந்த வகையில் அந்த மூன்று வாரம் சுத்தமான கணக்கு.

சுத்தமில்லாதது அதற்கு அப்புறம் வந்தது. மாநிலங்களில் ஆட்சியைக் கலைக்க அரசியல் சட்டத்தின் 356ஆம் பிரிவு வேண்டும் என்று நீ படித்திருப்பாய். யூனியன் பிரதேசத்துக்கு அது வேண்டாம். 1963ஆம் வருஷச் சட்டத்தின் 51ஆம் பிரிவு போதும். துணைநிலை ஆளுநர் ஓர் அறிக்கை அனுப்பினால் குடியரசுத் தலைவர் அந்தச் சட்டத்தையே நிறுத்தி வைத்துவிடலாம். அப்படி நிறுத்தி வைத்தது 1977 ஜூலை வரை நீண்டது. நடுவில் நெருக்கடி நிலையும் வந்துவிட்டதால் தேர்தலைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்று வாரம் ஆண்டதற்கு மூன்று வருஷம் மூன்று மாதம் தண்டனை! நம் பிரதேசத்தின் பட்ஜெட் டெல்லியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிக்கொண்டிருந்தது. திருநள்ளாற்று வாய்க்காலைத் தூர்வாரும் காசுக்கு டெல்லியில் கை தூக்கினார்கள் என்று வைத்துக்கொள்.

1977இல் ராமசாமி திரும்பி வந்தார். எம்.ஜி.ஆர். சென்னையில் ஜூன் 30 அன்று பதவியேற்க, இரண்டு நாள் கழித்து ஜூலை 2 அன்று இவர் புதுச்சேரியில். இந்தத் தடவை அ.தி.மு.க.வுக்கு 14 இடம். அப்போதும் தனிப் பெரும்பான்மை இல்லை என்பதைக் கவனி. பதினாறு மாதம் ஓட்டினார். 1978 நவம்பர் 12 அன்று மறுபடியும் 51ஆம் பிரிவு.

அடுத்த இரண்டு மாதத்தில் நடந்ததுதான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி. 1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய், புதுச்சேரியின் துண்டுகளைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்று பேசினார். அதன்படி புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக்கு, மாஹே கேரளத்துக்கு, ஏனாம் ஆந்திரத்துக்கு. வரைபடத்தைப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். மொழி ஒன்று, ஆறு ஒன்று, கல்யாணச் சம்பந்தம் எல்லாம் எல்லை தாண்டித்தான். ஆனால் புதுச்சேரி கொதித்தது. கடையடைப்பு, கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப் பலி. இணைப்புப் பேச்சு அடங்கிப்போனது. ஒரு வருஷம் கழித்து, 1980 ஜனவரித் தேர்தலில், அதற்கு முன் ஆண்ட அ.தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஒரே காரணத்தால் ஒரு கட்சி பூஜ்யமாவதில்லை. ஆனாலும் காரைக்கால் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி வந்தால், அன்று சென்னையில் ஆண்ட கட்சி எது என்பதை எந்த வாக்காளரும் மறந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். சென்னையின் கட்சியாக இருந்ததால் ராமசாமியின் அணி வளர்ந்தது. அதே காரணத்துக்காக விழவும் செய்தது.

இந்த இடத்தில் கான் சாகிப் திரும்ப வருகிறார். பதவி போன பிறகு சிறைக்குப் போய், வெளியே வந்து, 1954இல் பாகிஸ்தான் மத்திய அமைச்சராகி, 1955 அக்டோபரில் என்ன செய்தார் தெரியுமா? மேற்குப் பாகிஸ்தானின் மாகாணங்களை எல்லாம் கலைத்து ஒரே அலகாக்கியபோது, தன் எல்லைப்புற மாகாணத்தையும் அதில் கரைத்துவிட்டு, அந்தப் புதிய மாகாணத்தின் முதல் முதலமைச்சராக உட்கார்ந்தார். தம்பி கஃபார் கான் அந்த இணைப்பைக் கடைசி வரை எதிர்த்தார். அண்ணன் 1958 மே 9 அன்று லாகூரில், வேலை போன ஒரு வருவாய்த்துறை ஊழியரின் கத்திக்கு இரையானார். அந்த ஒரே அலகும் 1970இல் உடைந்து பழைய மாகாணங்கள் திரும்பி வந்தன. தன்னைப் பதவியிறக்கிய நாட்டுக்கே தன் மாகாணத்தைக் கரைத்துக் கொடுத்ததை ராஜதந்திரம் என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அதைத் தோல்வி என்றுதான் சொல்வேன். ஓரத்து மாகாணத்தின் தலைவனுக்கு ஊர்க்காரர்கள் கொடுக்கும் பலம் ஒன்றே ஒன்று, அந்த மாகாணம் தனியாக இருப்பது. அதை அவரே விட்டுக்கொடுத்த பிறகு அவர் கையில் என்ன மிச்சம்?

நம் ஆட்கள் அந்த அளவுக்குப் போகவில்லை, போகும்படி யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. அவர்களுக்கு வந்த சோதனைகள் சிறியவை, சில சமயம் வேடிக்கையானவை. காரைக்கால் பகுதியைச் சேர்ந்த ப. சண்முகத்தை எடுத்துக்கொள். 2000இல் முதலமைச்சரானபோது அவர் சபை உறுப்பினரே இல்லை. ஏனாமில் மல்லாடி கிருஷ்ணா ராவ் இடம் விட்டுக்கொடுத்து அவரைச் சபைக்குள் கொண்டுவந்தார். காரைக்கால் தமிழர் தெலுங்கு பேசும் தொகுதியில் நின்று ஜெயித்த இந்த அதிசயம் நம் பிரதேசத்தில்தான் நடக்கும். 2001 தேர்தலுக்குப் பின் மறுபடியும் உறுப்பினராகாமலே முதலமைச்சரானார். உறுப்பினராக வேண்டிய ஆறு மாதக் கெடு நெருங்கியும் இடம் விட்டுத்தர ஆள் கிடைக்கவில்லை. அக்டோபரில் பதவி ரங்கசாமிக்குப் போனது.

நியமன உறுப்பினர் மூன்று பேரை நினைவில் வை என்றேனே, அதற்கு வருகிறேன். அவர்களை நியமிக்க பிரதேச அரசைக் கேட்க வேண்டியதில்லை, அவர்கள் சபையில் ஓட்டும் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு தடுமாறியபோது எதிரணியின் பதினான்கில் மூன்று பேர் அந்த நியமன உறுப்பினர்கள். ஆளும் பக்கம் பன்னிரண்டு. ஓட்டெடுப்புக்கு முன்பே அவர் வெளியேறினார். ராமசாமி காலத்தில் தலையை எண்ணியது மக்கள் அனுப்பிய சபை. இப்போது அந்த எண்ணிக்கையிலேயே டெல்லி அனுப்பிய தலைகளும் சேர்ந்துகொள்கின்றன. இது சட்டப்படி சரி என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்குச் சம்மதமில்லை. ஒரு லட்சம் வாக்காளர் சேர்ந்து அனுப்பும் மூன்று பேருக்கு இருக்கும் கனம், ஒரு கையெழுத்தில் வரும் மூன்று பேருக்கும் வந்துவிடுகிறது என்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

ராமசாமி 2017இல் காலமானார். சென்னைத் தலைவர்களின் வரலாற்றில் அவருக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: நம் ஊர் ஆள் முதலமைச்சரானால் ஊருக்கு எல்லாம் வந்துவிடும் என்று பேசுவோரை நம்பாதே. முப்பதில் நம் பங்கு ஐந்து. அந்த ஐந்து பேரும் ஒரே பேச்சில் நின்றால் எந்த முதலமைச்சரும் காரைக்காலைத் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும். ஐந்து பேரும் ஐந்து பக்கம் இழுத்தால் காரைக்கால்காரரே முதலமைச்சரானாலும் தஞ்சாவூர் ரோட்டில் பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கும்.

அடுத்த தேர்தலில் உனக்கும் ஓட்டு இருக்கும். அதற்குள் இரண்டு வேலை செய். உன் பெரியப்பா 1979இல் கல்லூரியில் இருந்தவர், அந்த ஜனவரியில் என்ன பார்த்தார் என்று கேட்டு எழுதி வை. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடிப் படி. சின்னச் சட்டம்தான், ஓர் இரவு போதும். 51ஆம் பிரிவை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு எனக்கு எழுது.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் மாமா