காரில் ஏறினால் நாய்க்கு ஏன் குமட்டுகிறது?

காரைக்குடியிலிருந்து கொடைக்கானலுக்குக் காரில் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின் இருக்கையில் நான்கு மாதக் குட்டி நாய். வத்தலக்குண்டு வரை சமவெளிச் சாலை. குட்டி உறங்கிக்கொண்டே வரும். மலைப்பாதை தொடங்கியதும் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், எச்சில் ஒழுக்கும். அடுத்தது வாந்திதான். "தின்றது ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள் வீட்டார். பழி வயிற்றின் மேல். குற்றவாளியோ காதுக்குள் இருக்கிறான்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தம்ளர் நீரில் சிறிது தேயிலைத் தூளைத் தூவி, தம்ளரைச் சட்டென்று திருப்புங்கள். தம்ளர் திரும்பும்; தூள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். நியூட்டனின் முதல் விதி சொல்லும் நிலைமம் இதுதான். உட்செவியிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றினுள் ஒரு திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கும். அதை நுண்மயிர் கொண்ட செல்கள் உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கும். நேர்கோட்டு முடுக்கத்தை உணர வேறோர் அமைப்பு உண்டு. அதில் இருப்பவை கால்சியம் கார்பனேட் துகள்கள். (செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சிலும் இருப்பது இதே பொருள்தான்!)

இருக்கை மறைவில் படுத்திருக்கும் நாயின் கண், "நாம் அசையவில்லை" என்கிறது. செவியோ, "திரும்புகிறோம், எழும்புகிறோம்" என்கிறது. இந்த முரண்பாட்டிலிருந்தே குமட்டல் பிறக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. உட்செவியின் இப்பகுதி இல்லாத நாய்களை ஊஞ்சலில் ஆட்டினாலும் அவை வாந்தி எடுப்பதில்லை என்று சோதனைகள் காட்டின. குட்டிகளுக்கே இத்தொல்லை அதிகம். வளர வளரப் பல நாய்கள் தேறிவிடும்.

இனி மருந்து. முதல் மருந்து ஓட்டுநரின் காலடியில் இருக்கிறது. வேகத்தின் இருமடியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கி.மீ., அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் திரும்பினால் முடுக்கம் 5 மீ/வி². புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழப் பாதி! வேகத்தைப் பாதியாக்குங்கள், முடுக்கம் கால்பங்காகி 1.25 ஆகிவிடும். எந்தக் கஷாயத்துக்கும் இந்தக் கணக்கு வராது.

புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்துங்கள், தண்ணீர் தரலாம். கண்ணாடியைச் சிறிது இறக்கி வையுங்கள். ஊசி போடும் நாளில் மட்டுமே காரில் ஏறும் நாய், காரைக் கண்டாலே எச்சில் வடிக்கும். பாவ்லோவ் கண்ட பழக்கவினை இது. ஆகவே முதலில் நின்றிருக்கும் காரில் உட்கார்த்தி வையுங்கள். பிறகு கோவிலூர் வரை, அதன் பிறகு பிள்ளையார்பட்டி வரை என்று பழக்குங்கள்.

இஞ்சி? 1982-இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. சுழல் நாற்காலியில் அமர்ந்த மனிதர்களில், குமட்டல் மாத்திரை உண்டவர்களைவிட இஞ்சித்தூள் உண்டவர்கள் அதிக நேரம் தாங்கினர். பின்வந்த சில ஆய்வுகள் இதற்கு உடன்படவில்லை. நாய்களின் பயணக் குமட்டலுக்கோ வலுவான சான்று இல்லை. மருத்துவரைக் கேட்டுச் சிறிதளவு தரலாம். ஆனால் வெங்காயம், பூண்டு சேர்ந்த இஞ்சித் துவையலைத் தந்துவிடாதீர்கள். அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. பேருந்தில் நாம் முகரும் எலுமிச்சையும் வேண்டாம். அந்த வாடை பெரும்பாலான நாய்களுக்கு ஆகாது.

பயணமே இல்லாத நாளில் நாய் தலையைச் சாய்த்து, தள்ளாடி, வாந்தி எடுத்தால் அது வேறு நோய். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.