கணுவின் வகையறிதல்: ரஞ்சன்குடிப் பக்கமொன்றைக் கொண்டு ஒரு விளக்கம்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலைக்கு அருகில், அகழியும் அடுக்கடுக்கான மதில்களுமாய் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பற்றி மாணவர் ஒருவர் இணையப் பக்கம் இயற்றுகிறார் என்றும், அதில் அகழி, பேட்டை, கோட்டைமேடு என்னும் மூன்றையும் வரிக்கொன்றாகப் பட்டியலிட்டு, அகழியை அடுத்த வரியில் "1751 வாலிகண்டபுரப் போர், படம் சேர்க்க" என்று திரையில் தோன்றாத குறிப்புரை ஒன்றையும் எழுதிவைக்கிறார் என்றும் கொள்வோம். அப்பட்டியலின் 'சைல்டுநோட்ஸ்' தொகையை, அதாவது அதனுள் அடங்கிய கணுக்களின் (நோட்) எண்ணிக்கையை, இக்கால உலாவிகள் 9 என்கின்றன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-ஆம் பதிப்போ 4 என்றது. வரிகளுக்கிடையேயுள்ள ஐந்து வெற்றிடங்களையும் முன்னவை உரைக்கணுக்களாகக் கணக்கில் கொள்வதும், பின்னது அவற்றைத் தள்ளிவிட்டதுமே இப்பேதத்திற்குக் காரணம். இதனைச் சமாளிக்கும் மார்க்கம் வருமாறு:

1. முதலில் கணுவின் 'நோட்டைப்' எண்களை மனத்தில் பதித்துக்கொள்க. 1998-இல் டபிள்யூ3சி வெளியிட்ட டாம் (ஆவணப் பொருள் மாதிரி) முதல் நிலை விதிகளின்படி உறுப்புக்கு 1, உரைக்கு 3, குறிப்புரைக்கு 8, ஆவணத்திற்கு 9.

2. 'நோட்.எலிமென்ட்_நோட்' என்னும் மாறிலியை எங்கும் கிடைக்குமென்று நம்பி எழுதற்க. எக்ஸ்ப்ளோரர் 8 வரையில் 'நோட்' என்ற பெயரே பொதுவெளியில் இல்லாமையால் நிரல் பிழையுற்று அவ்விடத்திலேயே நின்றுவிடும். ஆகவே 1, 3, 8 ஆகியவற்றிற்கு நிரலின் தொடக்கத்தில் நீங்களே பெயரிட்டு, அவற்றோடு ஒப்பிடுக.

3. 'ஃபர்ஸ்ட்சைல்டு' தருவது அகழி என்று கொள்ளற்க. இன்று அது பெரும்பாலும் வெற்றிடமே. முதற்பிள்ளையில் தொடங்கி 'நெக்ஸ்ட்சிப்ளிங்' வழியே நடந்து, எண் 1 ஆகவுள்ள கணுவை மட்டும் ஏற்றுக்கொள்க. 'சில்ட்ரன்' தொகுப்பிலும் பழைய எக்ஸ்ப்ளோரர் குறிப்புரையைச் சேர்த்து நான்காக்கியதால், அங்கும் இதே சோதனை அவசியம்.

4. எண் 3 எனில், எழுத்து உண்டா, வெற்றிடம் மட்டுந்தானா என்பதையும் ஆராய்க. 'ட்ரிம்' என்பது எக்ஸ்ப்ளோரர் 9-இலேயே வந்தமையால், வெற்றிடமல்லாத எழுத்தொன்றைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனே எல்லாவற்றிற்கும் பொதுவானது.

5. கோட்டையின் வரைபடத்தை ஐஃப்ரேமில் வைத்திருப்பின், அதனுள் இருக்கும் கணுவை 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' கொண்டு சோதிக்கலாகாது. ஒவ்வொரு சட்டகத்திற்கும் தனித்தனி 'நோட்' இருப்பதால், மெய்யான உறுப்புக்கும் 'அன்று' என்றே விடை வரும். 'நோட்டைப்' எண்ணோ எச்சட்டகத்திலும் மாறுவதில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் எக்ஸ்ப்ளோரர் 8-ஐக் கடந்து நிறுவ வழியில்லை. 2022 ஜூன் 15 அன்று விண்டோஸ் 10-இன் பெரும்பாலான பதிப்புகளிலும் எக்ஸ்ப்ளோரர் 11-க்கான ஆதரவு முடிவுற்றது. ஆதலின் இரண்டாம், நான்காம் படிகளின் தேவை இன்று அருகிவிட்டதெனினும், வெற்றிடக் கணுவும் சட்டக வேறுபாடும் இன்றைய உலாவிகளிலும் நீடிக்கின்றன. உலாவியின் பெயரைக் கேட்டுக் கிளை பிரித்து எழுதும் வழக்கத்தை விட்டு, கணுவிடமே அதன் எண்ணைக் கேட்கும் வழக்கத்தை இளம் நிரலாளர்கள் தொடக்கத்திலேயே கைக்கொள்ள வேண்டும்.