அப்பாவோட ஜனதாவில் முதல் கை வைக்காதே!

கண்ணு, பீரோவில் கிடக்கிற அப்பாவோட எச்.எம்.டி. ஜனதா வாட்ச்சைக் கழட்டி, டயலை மாத்தி, கலர் முள் போட்டுக் கட்டிக்கணும்னு உனக்கு ஆசை. நல்ல ஆசைதான். ஆனா பழகுறதுக்கு அது வேண்டாம். ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட சேர்ந்து 1961-ல் பெங்களூரில் தொடங்கின எச்.எம்.டி. வாட்ச் தொழிலை 2016-ல் மூடியாச்சு. கெடுத்துட்டா அதே மாதிரி புதுசு வராது.

1. வேலூர் கடைவீதியோ கரூரோ, வாட்ச் ரிப்பேர் கடையில் ஓடாத வாட்ச் ஒண்ணு கேட்டு வாங்கு. பத்துத் தடவை கழட்டி மாட்டு. ஒவ்வொரு படிக்கும் போன்ல போட்டோ எடு. ஞாபகத்தை நம்பாதே.

2. புதுசா ஒண்ணு சேர்க்கணும்னா சீக்கோவோட என்.எச்.35 மெஷினில் ஆரம்பி. முழுசா சாவி ஏறினா சுமார் 41 மணி நேரம் ஓடும். கேஸ், டயல், முள் எல்லாம் அதுக்குன்னே விக்குது. காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாரு: கேஸில் சாவி 3 மணிப் பக்கமா, 4 மணிப் பக்கமா? டயலுக்குப் பின்னாடி கொசுக்கால் மாதிரி ரெண்டு கால் இருக்கும். சாவி இருக்கிற பக்கத்துக்கேத்த டயல் வாங்கலைன்னா காலை வெட்டி ஒட்டிக்கிட்டு உட்காரணும்.

3. ஃபேனை நிறுத்து. புழுங்கும்தான், விடியக்காலையில உட்காரு. விளிம்பு வச்ச தாம்பாளத்துல வெள்ளைக் காகிதம் விரிச்சு அது மேல வேலை செய். திருகாணி கடுகை விடச் சின்னது, தரையில விழுந்தா கிடைக்காது. முட்டை அட்டையில திருகாணியைப் போட்டு வைக்காதே, அட்டைத் தூசு மெஷினுக்குள்ள போயிடும். மாத்திரை டப்பா போதும்.

4. ஸ்பிரிங் கழட்டும்போது கையையும் வாட்ச்சையும் கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் கவருக்குள்ள விட்டுக்கோ. துள்ளினாலும் உள்ளேயே கிடக்கும்.

5. வெறும் விரலால டயலைத் தொடாதே. வியர்வைக் கறை அப்படியே படிஞ்சுடும். ரப்பர் விரலுறை போடு.

6. பழைய மெஷின் சிலதுல சாவிக் கம்பியை எடுக்க ஒரு திருகாணியைத் தளர்த்தணும். ஒண்ணு ரெண்டு சுத்து போதும். முழுசா கழட்டினா அடியில இருக்கிற பாகம் நழுவிடும், டயலையே கழட்ட வேண்டி வரும். என் தம்பி ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க இதுலயே போக்கினான்.

7. முள் மாட்டுறதுல அவசரம் கூடாது. தேதி மாறுற வரை சாவியைத் திருப்பு. மாறின அந்த நொடியில மணி முள்ளை 12-ல் அழுத்து, அடுத்து நிமிஷ முள், கடைசியா விநாடி முள். அப்புறம் வாட்ச்சைக் கண் மட்டத்துல பிடிச்சுப் பக்கவாட்டில பாரு. மூணு முள்ளுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியணும். ஒட்டினா ஓடாது.

8. மூடியைத் திறந்த வாட்ச்சுக்கு ரப்பர் வளையம் புதுசா போட்டு, தண்ணி சோதனை பண்ணாத வரை அது நனையக் கூடாது. ஆடிப்பெருக்குக்குக் காவிரியில இறங்கும்போது கழட்டி அம்மாகிட்ட கொடுத்துடு.

9. ஆன்லைன்ல பளபளன்னு பச்சை, ஆரஞ்சு டயலோட வர்ற ஜனதா பெரும்பாலும் மறுபெயின்ட் அடிச்சது. தெரிஞ்சு வாங்கு, ஏமாந்து வாங்காதே.

அப்பா வாட்ச்சுக்கு நல்ல கடையில ஆயில் சர்வீஸ் பண்ணு, பட்டையை மாத்து, கீறின கண்ணாடியை மாத்து. மஞ்சளிச்ச டயலை மட்டும் அப்படியே விட்டுடு கண்ணு.