ஆங்கிலத்தில் அழுத்தாத ஒலிகள்: வீட்டில் சொல்லிக்கொடுக்கச் சில குறிப்புகள்

நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாக, முழுசாக உச்சரிக்கிறார்கள். பாடம் ஒப்பிக்க அது போதும். போனில் ஒருவர் வேகமாகப் பேசினால்தான் பாதிச் சொல் காதில் விழாமல் போகிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழுந்த அசை ஓங்கி ஒலிக்கும். மற்ற அசைகளின் உயிரொலி பெரும்பாலும் தேய்ந்து மங்கலான ஓர் 'அ' ஆகிவிடும். ஒலியியலார் அதை 'ஷ்வா' என்பார்கள். ஆங்கிலப் பேச்சில் அதிகம் வரும் உயிரொலி அதுதான். லீவுக்கு நம் ஊர் நெற்குப்பைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு அப்பத்தாவும் ஆயாவுமே இதைப் பழக்கிவிடலாம்.

1. தமிழிலிருந்து தொடங்குங்கள். 'பசு', 'காசு' இரண்டையும் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். 'பசு'வில் உதடு குவியும், 'காசு'வில் குவியாது. அந்தக் கடைசி உகரம்தான் குற்றியலுகரம். ஒரு மாத்திரை அரை மாத்திரையாகக் குறைகிறது. தொல்காப்பியம் இதைச் சார்பெழுத்து மூன்றில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. உயிரொலி குறுகுவது நம் மொழியிலும் உண்டு, அது சோம்பல் பேச்சு அல்ல என்று தெரிந்தாலே பிள்ளைக்குக் கூச்சம் போய்விடும்.

2. வீட்டில் புழங்கும் ஆங்கிலச் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 'டாக்டர்' என்பதன் எழுத்துக்கூட்டலில் கடைசி அசையில் 'ஓ' இருக்கிறது. யாரும் 'டாக்டோர்' என்பதில்லை. 'சர்க்கஸ்' கடைசியில் 'யூ', 'ப்ராப்ளம்' கடைசியில் 'ஈ', 'லெமன்' கடைசியில் மறுபடி 'ஓ'. வேறு வேறு எழுத்துகள், ஒலி ஒன்றே. பிள்ளை தனக்குத் தெரியாமலே ஷ்வாவைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

3. முகவாய்க்கட்டைக்கு அடியில் புறங்கையை வைத்து 'பனானா' சொல்லச் சொல்லுங்கள். நடு அசையில் மட்டும் தாடை நன்றாக இறங்க வேண்டும். மூன்று முறையும் இறங்கினால் பிள்ளை மூன்று அசையையும் அழுத்துகிறது என்று அர்த்தம்.

4. ஆங்கிலத் தாளம் பழக, தூண்கள் சூழ்ந்த செட்டிநாட்டு வீட்டு வளவைவிட நல்ல வகுப்பறை கிடையாது. தூணுக்குத் தூண் நடந்தபடி, ஒரு தூணுக்கு ஒரு முக்கியச் சொல்லாகச் சொல்ல வேண்டும்: 'பாய்ஸ் – ஈட் – ரைஸ்'. அடுத்த நடையில் 'த பாய்ஸ் – ஈட் – த ரைஸ்'. அதற்கடுத்து 'த பாய்ஸ் – அவ் ஈட்டன் – த ரைஸ்'. நடை வேகம் மாறக் கூடாது. சொற்கள் கூடக் கூட, 'தி', 'ஹேவ்' போன்றவை 'த', 'அவ்' என்று சுருங்கித் தூண்களுக்கு நடுவே அடங்கியாக வேண்டும். இயல்பான பேச்சைக் கருவி வைத்து அளந்தால் அழுத்தங்களுக்கு இடையே உள்ள இடைவெளி அச்சாகச் சமமாக இராது. ஆனாலும் ஆங்கிலத்தின் தாளம் உடம்பில் ஏற இந்தப் பயிற்சி மிக உதவும். கைதட்டியும் செய்யலாம், நடந்து பழகுவதே நன்றாக ஏறும்.

5. தேய்ந்து ஒலிக்கும் சின்னச் சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: எ, தி, அண்ட், ஆஃப், டு, ஃபார், ஃப்ரம், அட், கேன், வாஸ், ஹேவ், தேம். இவற்றைத் தனித்தனியாக ஒப்பிக்க விடாதீர்கள். 'கப்பவ் டீ', 'பிரெடன் பட்டர்' என்று தொடராகவே வாயில் வரட்டும்.

6. 'கேன்' சொல்லுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். 'ஐ கேன் கம்' என்பதை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வளர்ந்தவர் 'ஐ கன் கம்' என்பதுபோல், 'கம்'மை அழுத்திச் சொல்வார். 'வர முடியாது' என்றால் 'கான்ட்', 'கேன்ட்' என்று அந்தச் சொல்லே அழுத்தம் பெறும். கடைசி 'ட்' பல நேரம் காதில் விழாது. நம் பிள்ளை 'கேனை' ஓங்கிச் சொன்னால், கேட்பவர் வர முடியாது என்று எடுத்துக்கொள்ளக்கூடும். போனில் நடக்கும் வேலை நேர்காணலில் இது சின்ன விஷயமல்ல.

7. சுவரில் ஒட்டிய சின்னச் சொற்களில் பல வாக்கியக் கடைசியில் வந்தால் தேய்வதில்லை. 'வேர் ஆர் யூ ஃப்ரம்?' என்பதில் 'ஃப்ரம்' முழுசாக ஒலிக்கும். 'யெஸ், ஐ கேன்' என்பதிலும் அப்படியே.

8. ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஷ்வாவுக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. எழுதிய ஒவ்வொரு உயிரையும் பிள்ளை முழு மாத்திரை கொடுத்துப் படிக்கும். இந்தக் குறிப்பில் நான் எழுதியதும் அடையாளத்துக்குத்தான். ஒலியைக் காதால் கேட்டே பிடிக்க வேண்டும்.

9. அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சிறிய 'ஈ' எழுத்தைத் தலைகீழாகத் திருப்பிய குறி தெரிந்தால் அது ஷ்வா. மேலே நிற்கும் சின்னக் கோடு, அடுத்த அசையை அழுத்தச் சொல்கிறது. டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி இன்றும் திருத்திய பதிப்புகளில் கிடைக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் அகராதிகளை இணையத்தில் இலவசமாகவே ஒலியோடு கேட்கலாம். உலகம் சுற்றிப் பயண நூல்கள் எழுதிய சோமலெ பிறந்த ஊர் நெற்குப்பை. அவர் பெயரில் இங்கே நூலகமும் இருக்கிறது. பிள்ளையை அங்கே கூட்டிப்போய் அகராதி கேளுங்கள்.

10. முதலில் காதுக்குப் பழக்கம், பிறகு வாய்க்கு. நம் தமிழ்ச் சாயல் ஆங்கிலத்தில் குறை ஏதும் இல்லை. பிள்ளையை லண்டன்காரராக மாற்ற வேண்டியதில்லை. அடுத்தவர் பேச்சு புரிய வேண்டும், நம் பேச்சு அவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வகுப்பில் ஒரு பிள்ளை 'ஐ கன் கம்' என்று தேய்த்துச் சொன்னால், 'கேன் என்று தெளிவாகச் சொல்' என்று திருத்தாதீர்கள். அந்தப் பிள்ளை சரியாகத்தான் சொல்கிறது.