வண்ண மீன் ஏற்றுமதி, இறக்குமதி விதிகள்: ஊத்துக்குளி வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

ஊத்துக்குளி வட்டாரத்தாருக்கு வெளியூர் வியாபாரம் புதிதன்று. இவ்வூர் வெண்ணெய் நெடுங்காலமாக வெளியூர்ச் சந்தைகளில் பெயர் பெற்றது. அடுத்துள்ள திருப்பூரின் பனியன் பல தேசங்களுக்குப் போகிறது; அவ்வேலைக்கு இவ்வட்டாரத்தார் பலர் நாள்தோறும் சென்று வருகின்றனர். ஆகையால் ஏற்றுமதி, சுங்கம், ஷிப்பிங் பில் என்னும் சொற்கள் இங்கே யாருக்கும் புரியாதவை அல்ல.

ஆயினும், பனியனுக்குப் பழகிய வழக்கத்தை அப்படியே வண்ண மீனுக்குக் கொள்வது பெரும் நஷ்டத்துக்கு வழியாகும். பனியன் மூட்டை துறைமுகத்தில் பத்து நாள் கிடந்தாலும் பனியனாகவே இருக்கும். மீன் பெட்டி விமான நிலையத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் அதனுள் சரக்கு என்று சொல்ல ஒன்றும் இராது. பனியன் வழியே நோய் குளத்துக்குப் பரவாது. தப்பி ஓடிய பனியன் பெருகிப் பிற பனியனை விழுங்குவதும் இல்லை. மீன் இவை யாவும் செய்யும். வண்ண மீன் வியாபாரத்துக்கு ஏற்பட்டுள்ள விதிகள் அனைத்தும் இந்த வேற்றுமையிலிருந்தே பிறந்தவை. ஒவ்வொரு விதியும் எந்த நஷ்டத்தைத் தடுக்க வந்தது என்று அறிந்துகொண்டால், விதி சுமையாகத் தோன்றாது. சங்கத்தின் மூலதனத்துக்குக் காவலாகத் தோன்றும்.

1. தொழிலின் இன்றைய நிலை

உலகில் விற்பனையாகும் நன்னீர் வண்ண மீன்களில் மிகப் பெரும்பகுதி பண்ணைகளில் வளர்க்கப்பட்டவையே. தென் அமெரிக்க ஆறுகளில் பிறந்த இனங்கள்கூட இன்று தென்கிழக்கு ஆசியாவில் தொட்டிகளில் பெருக்கப்பட்டுச் சிங்கப்பூர் வழியாகப் பல நாடுகளுக்குச் செல்கின்றன. இவ்வியாபாரத்தில் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த கொளத்தூர் இதற்குப் பெயர் பெற்ற இடம். அங்கும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல குடும்பங்கள் தொட்டிகளிலும் சிறு குளங்களிலும் மீன் வளர்த்து வியாபாரிகளிடம் சேர்க்கின்றன. வளர்ப்பவர் வேறு, திரட்டுபவர் வேறு, கடல் கடந்து அனுப்புபவர் வேறு என்ற பிரிவினை அங்கே காணப்படுவது கவனிக்கத்தக்கது.

2. விதிக்கு முன் தண்ணீர்

இவ்வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்புத் தண்ணீரே கிடைக்கிறது. நொய்யல் ஓரத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டி முடிக்கப்பெற்ற அணை, பாசனத்துக்கு உதவுவதற்குப் பதிலாகச் சாயக் கழிவு தேங்கும் இடமாயிற்று என்பது யாவரும் அறிந்த துக்க வரலாறு. ஆகவே மீன் தொட்டி கட்டுமுன் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவது முதற் கடமை.

கடின நீர் எல்லா மீனுக்கும் கெடுதல் என்பதில்லை. கப்பி, மாலி, பிளாட்டி, வாள்வால் முதலிய குட்டி போடும் இனங்கள் சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீரில் நன்றாக வளரும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவற்றுக்கு மென்மையான நீர் வேண்டும். அவற்றை இங்கே பெருக்க முயல்வது வீண் செலவு. ஆனால் சாயக் கழிவு கலந்த நீர் எந்த மீனுக்கும் ஆகாது.

3. ஏற்றுமதிக்கு வேண்டிய பதிவுகள்

முதலாவது, திருப்பூர் வியாபாரிகள் ஐ.இ.சி. என்று வழங்கும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண். 1992ஆம் வருஷத்து அந்நிய வர்த்தகச் சட்டத்தின் கீழ் இது தரப்படுகிறது. சங்கத்தின் பெயரிலேயே வருமான வரிக் கணக்கு எண்ணும் வங்கிக் கணக்கும் இருந்தால் இதைப் பெறுவது கடினமன்று.

இரண்டாவது, கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தில் ஏற்றுமதியாளராகப் பதிவு செய்துகொள்வது. 1972ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட இவ்வாணையத்தின் தலைமை இடம் கொச்சி. பெயரில் கடல் என்று இருப்பினும் நன்னீர் வண்ண மீனும் இதன் பொறுப்பில் அடங்கியதே.

மூன்றாவது, சுங்கத்தில் சரக்கைச் சரியான பிரிவில் காட்டுவது. பின்னலாடைக்குச் சுங்க அட்டவணையில் 61ஆம் அத்தியாயம். மீனுக்கு 3ஆம் அத்தியாயம். அதில் நன்னீர் வண்ண மீன் 0301 11 என்ற எண்ணிலும், மற்றைய வண்ண மீன் 0301 19 என்ற எண்ணிலும் வரும். பெட்டியில் உள்ள ஒவ்வோர் இனத்துக்கும் வியாபாரப் பெயர் மட்டும் போதாது. விஞ்ஞானப் பெயரும் எண்ணிக்கையும் பட்டியலில் இருத்தல் நலம். ஒரே வியாபாரப் பெயரில் இரண்டு மூன்று இனங்கள் விற்கப்படுவதுண்டு. அவற்றுள் ஒன்று தடைப்பட்டதாயிருந்தால் சரக்கு முழுவதும் நிறுத்தப்படலாம்.

4. அனுப்பலாகாத மீன்கள்

1972ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் உள்ள உயிர்களை வியாபாரம் செய்வது குற்றம். கடற்குதிரை இனங்கள் அனைத்தும் 2001இல் இப்பாதுகாப்பில் கொண்டுவரப்பட்டன. பவழங்களும் அவ்வாறே. இவையன்றி, அழியுந் தறுவாயிலுள்ள உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1976 முதல் சேர்ந்துள்ளது. ஆசிய அரோவானா மீன் அதன் முதற் பட்டியலில் உள்ளது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்ததற்கு மட்டுமே உரிய பத்திரங்களுடன் சர்வதேச வியாபாரத்தில் இடமுண்டு. இவ்வுடன்படிக்கையில் கண்ட உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கான விதிகள் 2024இல் வெளியிடப்பட்டன.

காட்டாற்று மீனைப் பிடித்து விற்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம் பக்கத்திலேயே உண்டு. கேரளம், கர்நாடகம் ஆகியவற்றின் மலையாறுகளில் வாழும் சிவப்புக் கோடிட்ட கெண்டை ஒன்றை வியாபாரிகள் மிஸ் கேரளா என்பார்கள். மதராஸ் ராணுவத்தில் வைத்தியராயிருந்த பிரான்சிஸ் டே என்பவர் 1865இல் இம்மீனை விவரித்து, அக்காலத்து மதராஸ் கவர்னர் டெனிசனின் பெயரை அதற்கு இட்டார். நூறு வருஷங்களுக்கும் மேலாக உலகம் கவனியாதிருந்த இம்மீன், வெளிநாட்டுத் தொட்டிகளில் விருப்பம் பெற்றதும் ஆறுகளிலிருந்து பெருவாரியாக அள்ளப்பட்டது. கேரள அரசு 2008இல் பிடிப்பதற்குத் தடைக்காலம் விதித்தது. ஆனால் தடை மாதங்கள் மீன் முட்டையிடும் காலத்தோடு பொருந்தவில்லை என்று பின்னர் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். மீன் அழியுந் தறுவாயிலுள்ளதாகக் குறிக்கப்பட்டது. இம்மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறையும் கண்டறியப்பட்டுள்ளது. அதனால் வரும் பாடம் தெளிவு: சங்கம் விற்பது சங்கம் வளர்த்த மீனாகவே இருக்க வேண்டும், வளர்த்ததற்குப் பதிவேடும் இருக்க வேண்டும்.

5. வாங்கும் நாட்டின் விதி

இங்கே குற்றமில்லாத மீன் அங்கே குற்றமாகலாம். விரால் மீன் இந்நாட்டில் சமையலறைக்கு விருந்தாளி. அமெரிக்காவிலோ, 2002 முதல் விரால் இனங்கள் அனைத்தும் தீங்கிழைக்கும் உயிர்கள் என்று விதிக்கப்பட்டு, உயிருடன் இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது. அவ்வருஷம் மேரிலாந்து மாகாணத்தில் குரோஃப்டன் என்னும் ஊரில், ஒருவர் உயிருடன் வாங்கிக் குளத்தில் விட்ட ஆசிய விரால்கள் பெருகியிருந்தது தெரியவந்தது. அதிகாரிகள் அக்குளத்துக்கு மருந்திட்டு அதிலிருந்த மீன் முழுவதையும் கொல்ல நேர்ந்தது.

ஐரோப்பிய நாடுகள் உயிர்மீனுக்கு அரசாங்க அதிகாரி ஒப்பமிட்ட ஆரோக்கியச் சான்று கேட்கின்றன. ஆஸ்திரேலியா தான் அனுமதித்த இனங்களின் பட்டியலில் இல்லாத எதையும் ஏற்பதில்லை. ஆகையால் விலை பேசுமுன், வாங்குபவர் தம் நாட்டு விதியை எழுத்து மூலம் அனுப்பும்படி கேட்டு வாங்குவது அவசியம்.

6. கட்டி அனுப்புதலும் கணக்கும்

அனுப்புவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்பே மீனுக்கு இரை நிறுத்தப்பட வேண்டும். இன்றேல் அதன் கழிவே பைக்குள் நஞ்சாகும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு பங்கு பிராணவாயுவும் இருப்பது பொது வழக்கம். பைகள் வெப்பம் புகாத பெட்டியில் அடுக்கப்படும். விமானக் கம்பெனிகள், ஐ.ஏ.டி.ஏ. என்னும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் உயிர்ப் பிராணிகளுக்கு வகுத்துள்ள விதிப்படி கட்டப்பட்ட பெட்டியையே ஏற்கும்.

இதில் அசட்டை எவ்வளவு பொல்லாதது என்பதை ஓர் உத்தேசக் கணக்கால் அறியலாம். மீன் ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் 2,000 மீன் அனுப்பினால் வரவு 20,000 ரூபாய். வளர்ப்புச் செலவு 7,000. கட்டுதல், விமானக் கூலி 8,000 என்று கொண்டால் மிச்சம் 5,000. போய்ச் சேர்ந்தபோது நாலில் ஒன்று செத்திருந்தால், வாங்கியவர் 500 மீனின் விலையாகிய 5,000 ரூபாயைக் கழித்துக்கொள்வார். விமானக் கூலி ஒரு காசும் குறையாது. லாபம் முழுவதும் போயிற்று. அதற்கு மேற்பட்ட சாவு அங்கத்தினரின் பங்குத் தொகையையே தின்னும்.

7. இறக்குமதி விதிகள்

புதிய தாய்மீன் வேண்டுமென்று வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு விதிகள் இன்னும் கண்டிப்பானவை. 1898ஆம் வருஷத்துக் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின் வழியே மத்திய சர்க்காருக்கு இதில் அதிகாரம் உண்டு. சரக்கு புறப்படுமுன்பே சுகாதார இறக்குமதி அனுமதி பெற வேண்டும். அனுமதிக்கப்பட்ட இனமாக இருக்க வேண்டும். அனுப்பும் நாட்டின் ஆரோக்கியச் சான்று உடன் வர வேண்டும். வந்த மீன் தனியே ஒதுக்கிவைத்துக் கவனிக்கப்படும்; நோய் கண்டால் அழிக்கப்படும். அந்த நஷ்டம் தருவித்தவரையே சாரும்.

இக்கண்டிப்புக்குக் காரணம் உண்டு. இந்தியாவில் 1988இல் வடகிழக்கில் தோன்றிய புண் நோய் சில வருஷங்களில் தெற்கேயும் பரவி, விரால் முதலிய மீன்களை மடிவித்தது. கோய் கெண்டைக்கு வரும் ஹெர்பீஸ் வைரஸ் நோய், உணவுக்கு வளர்க்கும் சாதாரணக் கெண்டையையும் கொல்லும். வண்ண மீன் தொட்டியில் புகுந்த நோய் அத்தொட்டியோடு நிற்பதில்லை. இறால் வளர்ப்பில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு: 2009 முதல் வெளிநாட்டு வெள்ளிறால் தாய்களைச் சென்னை நீலாங்கரையில் தனி நிலையத்தில் வைத்துச் சோதித்த பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்கு விடும் முறை ஏற்பட்டது.

தப்பும் மீனால் வரும் கேடும் சிறிதன்று. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் இன்று தமிழ்நாட்டுக் குளம் குட்டைகளில் நிறைந்து சுதேச மீன்களின் இடத்தைப் பிடித்துள்ளது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யுமென்று விற்கப்படும் சக்கர் மீனும் ஏரிகளில் விடப்பட்டுப் பெருகி, வலைகளைக் கிழித்து மீனவர்க்குத் தொல்லை தருகிறது. வேண்டாத மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுவது தருமமன்று. ஊருக்குச் செய்யும் தீமை.

8. சங்கம் செய்யத்தக்கது

தனி ஒரு குடும்பத்தால் ஐ.இ.சி., பதிவு, பரிசோதனை, வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்து யாவும் தாங்க இயலாது. சங்கத்தால் இயலும். ஆயினும் முதல் வருஷமே கடல் கடந்து அனுப்ப முயல்வது விவேகமன்று. முதலில் வீட்டுத் தொட்டிகளில் ஒன்றிரண்டு இனங்களை மட்டும் வளர்த்துக் கோயமுத்தூர், ஈரோடு கடைகளுக்கு விற்றுப் பழக வேண்டும். அடுத்தபடியாகப் பதிவு பெற்ற ஏற்றுமதியாளர் ஒருவருக்குச் சங்கத்தின் மூலம் மொத்தமாகக் கொடுக்கலாம். சாவு விகிதம் குறைந்து, பதிவேடுகள் ஒழுங்குபட்ட பின்னரே நேர் ஏற்றுமதியைப் பற்றி எண்ணுதல் தகும். கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பவென்றே தேசிய அளவில் ஒரு கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் 2023இல் ஏற்பட்டுள்ளதும் அறியத்தக்கது.

சங்கம் வைத்திருக்க வேண்டிய பதிவேடுகள் மூன்று: தாய்மீன் எங்கிருந்து எப்போது வந்தது, எந்தத் தொட்டியில் என்ன நோய், என்ன மருந்து, எந்தத் தேதியில் எத்தனை மீன் யாருக்குப் போயிற்று, எத்தனை செத்தது. ஓர் அங்கத்தினர் நோயை மறைத்து அனுப்பிய பத்து மீன், மற்ற அங்கத்தினர் அனைவரின் சரக்கையும் கெடுக்கும். கலப்படமில்லாத வெண்ணெயால் இவ்வூர் பெற்ற நற்பெயர் ஒருவர் இருவரால் வந்ததன்று. கொடுத்தவர் அனைவரும் நேர்மையாயிருந்ததால் வந்தது. மீனுக்கும் அதுவே விதி.

சங்கக் கூட்டத்தில் விவாதிப்பதற்கான வினாக்கள்

1. பனியன் ஏற்றுமதிக்கும் மீன் ஏற்றுமதிக்கும் உள்ள முக்கிய வேற்றுமைகள் யாவை?

2. இவ்வட்டாரக் கிணற்று நீருக்கு ஏற்ற இனங்கள் எவை? எவை ஏலாதவை?

3. ஏற்றுமதிக்குமுன் சங்கம் பெறவேண்டிய பதிவுகள் எவை?

4. மேலே கண்ட கணக்கில் 2,000 மீனில் 300 செத்தால் மிஞ்சும் லாபம் எவ்வளவு?

5. வேண்டாத தொட்டி மீனைக் குளத்தில் விடக்கூடாது என்பது ஏன்?